சாரணத் தந்தை பேடன் பவல் பிரபு

நம் கல்லூரி மண்டபத்துச் சுவர்களிலே பொன்னெழுத்துப் பொறித்த பலகைகள் பல தொங்குகின்றன. பரீட்சைகளில் முதன்மை பெற்றோர், துடுப்பாட்டத் தலைவர், மாணவ முதல்வர் என்று ஆண்டுதோறும் பெயர்கள் ஏறிக்கொண்டே வருகின்றன. பழைய மாணவர் இங்கு வந்தால் முதலிலே அண்ணாந்து தேடுவதும் அப்பெயர்களையே. ஆயின், மைதானத்தின் ஓரத்திலே வேப்பமர நிழலில் வட்டமாய்க் குந்தியிருந்து முழக்கமிடும் எட்டு ஒன்பது வயதுச் சிறுவர் கூட்டத்துக்கு எந்தப் பலகையிலும் இடமில்லை. அவர்கள் பெறும் பேறு, சட்டைக் கையிலே தாயார் தைத்துக் கொடுக்கும் சிறு துணிச்சின்னம் ஒன்றே. அச்சின்னத்தை வகுத்தவர் யார், என்ன எண்ணி வகுத்தார் என்பதை அச்சிறாருக்கும் அவர்தம் பெற்றோருக்கும் எடுத்துரைத்தல் தகும் என்று கருதியே பேடன் பவல் பிரபுவின் வரலாற்றை இங்கு எழுதத் துணிந்தேன்.

சின்னம் அளித்துச் சிறப்புச் செய்தல் நமக்குப் புதியதன்று. பண்டைத் தமிழ் வேந்தர் படைத்தலைவருக்கு ஏனாதி மோதிரமும் வணிகருக்கு எட்டிப் பூவும் அளித்தமையை உரையாசிரியர்கள் வாயிலாக அறிவோம். சாரணர் என்ற சொல்லும் நமக்குப் பழையதே. சிலப்பதிகாரத்திலே கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் வணங்கும் சாரணர் வானிற் செல்ல வல்ல முனிவர். அச்சொல்லுக்கு ஒற்றர் என்ற பொருளும் உண்டு. நம் இயக்கத்துக்கு உரியது இவ்விரண்டாம் பொருளே. எனினும் முதற் பொருளையும் நம் சிறுவர் அறிந்து வைத்திருத்தல் நன்று.

றொபேட் பேடன் பவல் 1857 ஆம் ஆண்டு பெப்பிரவரி மாதம் 22 ஆந் திகதி இலண்டன் மாநகரிற் பிறந்தார். தந்தையார் ஒக்ஸ்போட் சர்வகலாசாலையிலே கேத்திர கணிதப் பேராசிரியர், சமய குருவுமாவார். மகனுக்கு மூன்று வயதாயிருக்கும்போதே அவர் காலமானார். பிள்ளைகள் பலரை வளர்த்து ஆளாக்கும் பாரம் தாயார் ஹென்றியற்றா அம்மையாரின் தலைமேல் விழுந்தது. விடுமுறை நாள்களிலே தமையன்மாருடன் படகேறிக் கடலிற் சுற்றியதும், மழையில் நனைந்து தாமே சமைத்து உண்டதும் றொபேட்டின் முதற் பாடங்களாயின.

1870 இல் உபகாரச் சம்பளம் பெற்றுச் சாட்டர்ஹவுஸ் பாடசாலையிற் சேர்ந்தார். அப்பாடசாலை இலண்டனை விட்டுக் கொடால்மிங் என்னும் ஊருக்கு 1872 இலே பெயர்ந்தபோது அதன் எல்லையை ஒட்டி ஒரு சிறு காடு அமைந்தது. மாணாக்கர் அங்கே செல்லலாகாது என்பது விதி. விதியை மீறி அவர் அக்காட்டுக்குட் புகுந்தார். முயலுக்குக் கண்ணி வைத்தார். பிடித்ததைச் சுட்டுத் தின்றார். ஆசிரியர் கண்ணுக்குப் புகை தெரியாதபடி தீ வளர்க்கப் பழகினார். ஆசிரியன் என்ற முறையில் இதனை நான் பாராட்டிச் சொல்லலாகாது. ஆயினும் பிற்காலத்திலே உலகச் சிறுவரெல்லாம் பயின்ற கல்வியின் பெரும் பகுதி அத்தடை செய்யப்பட்ட காட்டிலேதான் பிறந்தது என்பதை மறைக்கவும் இயலவில்லை.

வகுப்பறையிலோ அவர் நடுத்தரமானவரே. தமையன்மார் இருவர் பயின்ற பேலியல் கல்லூரியிற் சேர விரும்பினார். கல்லூரி அவரை ஏற்கவில்லை. பேராசிரியர் மகனுக்குத் தந்தையார் கற்பித்த சர்வகலாசாலையின் கதவு திறக்கவில்லை. பிறகு 1876 இல் இராணுவத்துக்கான திறந்த பரீட்சைக்குத் தோற்றினார். அதிலே குதிரைப்படைப் பிரிவில் இரண்டாம் இடம் கிடைத்தது. இராணுவக் கல்லூரிப் பயிற்சியும் தள்ளுபடியாக, நேரே பதின்மூன்றாம் ஹுஸார் படையிற் சேர்ந்து இந்தியாவிலே லக்னோ நகருக்கு வந்திறங்கினார். ஒரு பரீட்சையிலே தவறியவன் மற்றொன்றிலே முன்னணியில் நின்றமை, பிற்காலத்தில் பரீட்சைகளைப்பற்றி அவர் கொண்ட எண்ணத்துக்கு வித்தாயிருக்கலாம் என்பது என் ஊகம்.

இந்தியா, ஆபிரிக்கா, மால்ற்றா என்று அவர் சேவை நீண்டது. ஒற்றறிதலே அவருக்கு விருப்பமான பணி. வண்ணத்துப்பூச்சி பிடிப்பவர்போல் வேடம் பூண்டு, அப்பூச்சிச் சிறகின் கோலங்களுக்குள்ளே கோட்டைகளின் படத்தை மறைத்து வரைந்ததாகத் தாமே எழுதியுள்ளார். 1896 இல் மற்றபெலேலாந்துப் போரிலே மற்றோப்போ மலைகளில் இரவு இரவாகத் தனியே அலைந்து பகைவர் நிலைகளைக் கண்டறிந்தார். அப்போரிலேயே ஊவினி என்னும் ஆபிரிக்கத் தலைவன் சிறைப்பட்டபோது, இராணுவ நீதிமன்றம் ஒன்றைக் கூட்டி, அதன் தீர்ப்பின்படி அவனைச் சுட்டுக் கொல்லுவித்தார். மேலிடம் அதுபற்றி விசாரணை நடத்தியது. அவர்மேற் குற்றமில்லை என்று விடப்பட்டார். வரலாறு எழுதுவோர் இதனை மறவாமற் கூறுகின்றனர், நாமும் மறைத்தலாகாது. அவர் ஒரு பேரரசின் போர்வீரர். அப்பேரரசின் கண்கொண்டே அந்நாளில் அந்நாட்டு மக்களை நோக்கினார்.

நாம் தேடும் சின்னம் அடுத்த ஆண்டிலே தோன்றுகிறது. 1897 இல் ஐந்தாம் டிரகூன் காவற்படையின் தளபதியாக மீண்டும் இந்தியாவுக்கு வந்த பேடன் பவல், மீரட் நகரிலே தம் படைவீரரைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து ஒற்றறிதல் பயிற்றினார். அக்காலத்துப் படைவீரன் ஏவியதைச் செய்யப் பழகியவன். தானே எண்ணிச் செய்யப் பழகாதவன். இக்குறையைப் போக்கவே சிறு குழு முறையை அவர் மேற்கொண்டார். பயிற்சியிலே தேறியவருக்குச் சட்டைக் கையில் அணிய ஓர் அடையாளம் கொடுத்தார். திசையறி கருவியின் முகத்திலே வடதிசையைக் காட்டும் மூவிதழ்ப் பூவின் வடிவமே அவ்வடையாளம். உலகெங்குமுள்ள சாரணர் இன்று அணியும் சின்னத்தின் மூலம் இதுவே. சம்பளம் ஒரு சதமும் கூடாத ஒரு சிறு அடையாளத்துக்காக வளர்ந்த ஆடவர் எத்துணை முயல்வர் என்பதை அவர் அங்கே கண்டுகொண்டார்.

1899 ஒக்டோபரிலே தென்னாபிரிக்காவில் போயர் யுத்தம் மூண்டது. மாபெக்கிங் என்ற சிற்றூரிலே பேடன் பவல் முற்றுகையிடப்பட்டார். முற்றுகை 217 நாள் நீடித்து 1900 மே மாதம் 17 ஆந் திகதி நீங்கிற்று. மணல் நிரப்பிய பெட்டிகளைக் கண்ணிவெடிகள் என்று காட்டிப் புதைப்பித்ததும், இல்லாத முட்கம்பி வேலியைத் தாண்டுவதுபோல வீரரை நடிக்கச் செய்ததும் பலரும் அறிந்த கதைகள். சாரணருக்கு உரிய செய்தி வேறொன்று. ஆடவர் தொகை போதாமையால், ஊர்ச் சிறுவரைத் திரட்டி எட்வேட் செசில் பிரபு ஒரு படையணி அமைத்தார். அவர்களுக்குச் சீருடையும் தொப்பியும் கொடுத்தனர். கடிதம் கொண்டு செல்லல், காவல் பார்த்தல், வைத்தியசாலையில் உதவுதல் ஆகியன அவர்தம் வேலை. பதின்மூன்று வயதுக் குட்இயர் என்ற சிறுவன் அவர்களுக்குத் தலைவன். முதலிலே கழுதைகளிலும் பின்னர்ச் சைக்கிள்களிலும் அவர்கள் குண்டுமழைக்கிடையே ஓடித்திரிந்தனர். முற்றுகைக் காலத்திலே அவ்வூரில் அச்சிட்ட முத்திரை ஒன்றிலே சைக்கிளேறிய அச்சிறுவனின் உருவம் உண்டு. பொறுப்பை நம்பி ஒப்படைத்தாற் சிறுவன் பெரியவனாகிவிடுகிறான் என்பதைத் தளபதி கண்ணாரக் கண்டார்.

அம்முற்றுகையிலே ஊருக்குள் அகப்பட்ட ஆபிரிக்க மக்கள் பசியால் மிக வருந்தினர், பலர் இறந்தனர். உணவைப் பங்கிட்டதில் வெள்ளையருக்கு ஒரு நீதி, அவர்களுக்கு ஒரு நீதி என்று பிற்கால ஆராய்ச்சியாளர் குறை கூறினர். அக்குறை எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. இலண்டனிலோ வெற்றிச் செய்தி கேட்டு மக்கள் தெருத்தெருவாய் ஆடிக் களித்தனர். நாற்பத்து மூன்று வயதிலே அவர் மேஜர் ஜெனரலாயினார்.

நாடு திரும்பியவருக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. ஒற்றறிதல்பற்றிப் படைவீரருக்கென்று 1899 இல் வெளியிட்ட கைந்நூலைச் சிறுவரும் ஆசிரியரும் வாங்கிப் படித்துக்கொண்டிருந்தனர். 1904 இல், வில்லியம் சிமித் நிறுவிய சிறுவர் படையணியின் அணிவகுப்பைக் கிளாஸ்கோ நகரிலே பார்வையிட்டார். 1906 இல், கனடாவில் வளர்ந்து அமெரிக்காவிற் சிறுவர் இயக்கம் நடத்திய ஏர்னெஸ்ற் தொம்சன் சீற்றன் என்னும் இயற்கை நூலாசிரியர் தம் நூலை அனுப்பி வைத்தார். காட்டுக் கலைகளிலே குறித்த ஒரு செயலைச் செய்து முடித்தவனுக்கு ஓர் அடையாளம் அளிக்கும் முறை அந்நூலிலே இருந்தது. அதில், பிறனை வென்றாற்றான் பரிசு என்பதில்லை. செயலை முடித்தார் எல்லார்க்கும் உரிமை உண்டு. திறமைச் சின்னங்களின் வரலாற்றிலே சீற்றனுக்குரிய பங்கைச் சாரணர் பலர் அறியார். அவர் பிற்காலத்தில் மனக்குறைப்பட்டதற்கும் காரணம் உண்டு.

1907 ஓகஸ்ட் மாதத் தொடக்கத்தில் இங்கிலாந்தின் தென்கரையை அடுத்த பிறவுண்சித் தீவிலே அவர் சிறுவர் இருபதின்மர் அளவினரைக் கொண்டு பரீட்சார்த்தமாக ஒரு பாசறை நடத்தினார். செல்வர் மக்கள் பாதி, தொழிலாளர் மக்கள் பாதி. ஓநாய், காளை, காகம், குயிலினைப்போற் கூவும் நீர்ப்பறவை ஒன்று என்பவற்றின் பெயரால் நான்கு அணிகள். பேச்சுக்கும் உடுப்புக்கும் எத்தனையோ வேற்றுமையுடைய சிறுவர் ஒரே சட்டியிலே சமைத்து ஒரே கூடாரத்தில் உறங்கினர். வைகறையிலே ஆபிரிக்கக் கூடு மானின் கொம்பை ஊதித் தளபதியே அவர்களைத் துயிலெழுப்பினார். மூவிதழ்ப் பூ வடிவான பித்தளைச் சின்னம் அங்கும் வழங்கப்பட்டது. தமையனாரின் மகன் டொனால்ட் என்ற ஒன்பது வயதுப் பையன் எந்த அணியிலும் சேரும் வயதினனல்லன். சிற்றப்பனுக்கு ஏவலாளாய் ஓடித் திரிந்தான். இச்சிறுவனை வாசகர் நினைவில் வைத்திருக்க.

1908 சனவரி முதலாகச் சிறுவர் சாரணியத்துக்கான அவரது நூல் இரு வாரத்துக்கு ஒன்றாக ஆறு பகுதிகளாய் வெளிவந்தது. ஒரு பகுதியின் விலை நான்கு பென்ஸ். இயக்கம் ஒன்று தொடங்குமுன்னரே சிறுவர் தாமாகவே கூடி அணிகளமைத்துத் தலைவர் தேடி அலைந்தனர். 1909 செப்டெம்பரில் இலண்டன் பளிங்கு மாளிகையிலே பத்தாயிரம் சாரணர் திரண்டனர். அழையாமலே சிறுமியர் சிலரும் வந்து நின்றனர். அவர்க்கென 1910 இல் பெண் சாரணியம் தோன்ற, தங்கை அக்னஸ் அதனைப் பொறுப்பேற்றார். அதே ஆண்டிலே பேடன் பவல் இராணுவத்தினின்றும் விலகினார். 1912 இல் ஒலேவ் அம்மையாரை மணந்தார். இருவர்க்கும் பிறந்த நாள் பெப்பிரவரி 22 ஆக அமைந்தது ஓர் அழகு. அதே 1912 இலே இலங்கையில் மாத்தளைக் கிறிஸ்து தேவாலயக் கல்லூரியில் ஸ்ரீவன்ஸ் என்பவர் முதற் சாரணர் குழுவைத் தொடக்கினார்.

அந்நூல் வகுத்த சோதனைகள் தாளும் பேனையும் வேண்டாதவை. இரண்டு தீக்குச்சிகளுக்கு மேற் செலவிடாமல் அடுப்பு மூட்ட வேண்டும். ஒரு மைல் தூரத்தைப் பன்னிரண்டு நிமிடத்திலே ஓட்டமும் நடையுமாகக் கடக்க வேண்டும். சேமிப்பு வங்கியிலே சிறு தொகையேனும் இட்டிருக்க வேண்டும். முதலாந்தரச் சாரணனாக விரும்புபவன் ஏழு மைல் தூரம் சென்று மீள வேண்டும். அத்துடன், தானே பயிற்றிய புதிய சாரணன் ஒருவனையும் கொணர்ந்து காட்ட வேண்டும். கற்றதைப் பிறர்க்குக் கற்பியாதவனுக்கு முதலாந்தரம் இல்லை என்ற விதியை நினைக்குந்தோறும் ஆசிரியராகிய எம்மனோர் உள்ளம் மகிழ்கின்றது.

இனி, டொனால்டைப் போன்ற சிறுவர் செய்தி. அண்ணன்மார் சாரணராய்ப் புறப்பட, தம்பிமார் அழுதுகொண்டு பின்னே ஓடினர். வயது போதாது என்று துரத்தியும் போகவில்லை. அவர்களைப் பெரியவர் குழுவிற் சேர்த்தால் இருபாலார்க்கும் இடர். ஆகவே 1914 இலே சிறுவர்க்கென ஒரு திட்டம் வரைந்து, 1916 இல் அதனை முற்றுப்பெறச் செய்து தனி நூலாக்கினார். நண்பர் ருட்யாட் கிப்ளிங் எழுதிய காட்டுக் கதைகளை அவரது இசைவுடன் எடுத்தாண்டு, அகேலா, பலூ, பகீரா, மௌக்லி என்ற பெயர்களைச் சிறுவர் வாயிலே வழங்கச் செய்தார். சிறுவர் குழுவை நடத்தி அநுபவம் பெற்ற வேரா பாக்லே அம்மையார் அந்நூலாக்கத்திலே பெரிதும் துணைநின்றார். 1916 டிசெம்பரிலே ஓநாய்க் குருளையர் முறைப்படி தோன்றினர். குருளை என்பது நாய், பன்றி, புலி, முயல், நரி என்பவற்றின் இளமைப் பெயர் என்று தொல்காப்பியர் மரபியலிலே கூறினார். ஓநாயை அவர் கூறிற்றிலர். ஆயினும் அது நாயினத்ததே ஆதலின் குருளைச் சாரணர் என்ற பெயரில் வழு ஏதுமில்லை என்று அமைதி காணலாம்.

ஓநாய்க் குட்டி கண் திறவாமற் பிறப்பது. புதிய குருளையனின் தொப்பியிலும் அவ்வாறே கண்ணில்லை. முதற் சோதனைத் தொகுதியிலே தேறினால் ஒரு நட்சத்திரம். ஒரு கண் திறந்தது. இரண்டாவதிலே தேறினால் மற்றொன்று. இரு கண்ணும் திறந்தன. அச்சோதனைகளோ எவையெனின், முடிச்சிடுதல், குட்டிக்கரணம் போடுதல், பந்தை எறிந்து பிடித்தல், தலையிலே பாரம் வைத்து நிமிர்ந்து நடத்தல், மணிக்கூடு பார்த்து நேரம் சொல்லுதல், நகமும் பல்லும் தூய்மையாய் வைத்திருத்தல், சப்பாத்துத் துடைத்தல் போன்றன. இவற்றுக்குமேல், ஒழுக்கம், கைப்பணி, பிறர்க்குதவி, உடல்நலம் என்ற நான்கு நோக்கங்களுக்கும் ஏற்பத் திறமைச் சின்னங்கள் அமைந்தன. பொருள் சேகரிப்பவன், உற்று நோக்குபவன், ஓவியன், நெய்பவன், மரவேலை செய்பவன், வழிகாட்டி, வீட்டுப் பணியாளன், முதலுதவியாளன், நீச்சற்காரன் என்று ஒவ்வொரு சிறுவன் இயல்புக்கும் ஒரு வாயில் இருந்தது. கணக்கிலே கடைசியாய் நிற்பவன் மரவேலையில் முன்னே வரலாம்.

இச்சின்னங்களை எவ்வாறு வழங்குதல் வேண்டும் என்பதிலே பேடன் பவல் உறுதியான கருத்துடையவராயிருந்தார். சிறுவன் எய்திய தரத்தை அளவுகோலாக்குதல் கூடாது. அவன் செய்த முயற்சியையே அளக்க வேண்டும் என்றார். கைத்திறனுடையவன் விளையாட்டாய்ச் செய்த அழகிய பெட்டியினும், திறனற்றவன் பத்துமுறை கெடுத்துப் பதினொராம் முறை ஒட்டிய கோணற் பெட்டி சின்னத்துக்கு உரியதாகலாம். இதனைக் கேட்ட சிலர், அவ்வாறாயிற் சின்னம் மலிந்துவிடும் என்றனர். முயற்சியை மெய்யாகவே அளப்பவனிடத்து அது மலியாது. கண்ணை மூடிக்கொண்டு வழங்குபவனிடத்து எந்த முறையிலும் மலியும்.

கண்ணை மூடிக்கொண்டு வழங்கியவருள் நானும் ஒருவன். ஆசிரியப் பயிற்சி முடித்த புதிதில், வேறோர் ஊர்ப் பாடசாலையிலே குருளைச் சாரணர் பொறுப்பு என்னிடம் வந்தது. இருபத்துநான்கு சிறுவர். அடுத்த வாரம் அணிவகுப்பு. வெறுங்கையுடன் அவர்களை அழைத்துச் செல்வது எனக்கு இழுக்கு என்று எண்ணினேன். தீ மூட்டும் சோதனை எஞ்சியிருந்தது. அன்று மழை, விறகெல்லாம் ஈரம். ஒருவன் ஒருவாறு மூட்டிய அடுப்பைச் சுற்றி மற்றையோரை நிறுத்தி, எல்லாருக்கும் சித்தி என்று குறித்துக்கொண்டேன். சின்னங்களும் கொடுத்தேன்.

மறுநாட் காலை ஒரு சிறுவன் தன் சின்னத்தைக் கொப்பித்தாளிலே சுற்றிக் கொணர்ந்து என் மேசைமேல் வைத்தான். வீட்டிலே அம்மா அடுப்பை மூட்டிக் காட்டும்படி கேட்டாராம், தன்னால் இயலவில்லையாம். அம்மா தைக்க மறுத்துவிட்டாரோ என்று வினவினேன். இல்லை, தைத்துத் தந்துவிட்டார், நூலைப் பிரித்தவன் தானே என்றான். அணிவகுப்பிலே அவன் சட்டைக் கை மாத்திரம் வெறுமையாயிருந்தது. பார்வையிட வந்தவர் காரணம் கேட்டபோது, இவன் இன்னும் தேறவில்லை என்று மட்டும் சொன்னேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் பாடசாலை விட்ட பின்பு, பன்னாடையும் பொச்சும் சுள்ளியும் தானே பொறுக்கி வந்து, இரண்டாவது குச்சியிலே தீ மூட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான். மற்றை இருபத்து மூவரிடமிருந்தும் சின்னங்களைத் திரும்பக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

பேடன் பவலுக்கு முதுமையிலே விருதுகள் வந்து குவிந்தன. 1920 இல் இலண்டன் ஒலிம்பியா மண்டபத்திலே கூடிய முதலாவது உலக ஜம்போறியிற் பல நாட்டுச் சிறுவரும் ஒருமுகமாய் அவரை உலகப் பிரதம சாரணர் என்று ஆரவாரித்தனர். 1929 இல் ஆரோ பார்க்கிலே மழையும் சேறுமாய் நடந்த ஜம்போறியின்போது பிரபுப் பட்டம் பெற்றார். சாரணர் யாவரும் ஆளுக்கொரு பென்னி இட்டு அவருக்கு ஒரு பரிசு வழங்க விரும்பினர். தேவை யாது என்று மனைவியார் வாயிலாகக் கேட்டபோது, கால்சட்டையைத் தாங்கும் தோள்வார் ஒரு சோடி போதும் என்று விடை வந்ததாம். தோள்வாரும் கொடுத்தார்கள், றோல்ஸ் றொய்ஸ் மோட்டார் வண்டி ஒன்றும், அதன் பின்னே இழுத்துச் செல்லும் வீட்டு வண்டி ஒன்றும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

அவர் பிறர்க்கு வழங்கிய உயர்ந்த அடையாளமோ மரத்தாலானது. 1919 இல் கில்வெல் பார்க்கிலே சாரணத் தலைவர்க்கான முதற் பயிற்சியை முடித்தவர்க்கு என்ன கொடுப்பது என்று எண்ணி, சூலு அரசன் டினுசூலுவினது என்று தாம் வைத்திருந்த மாலையிலிருந்து மரமணிகளை எடுத்து வழங்கினார். இன்றும் அப்பயிற்சியிலே தேறும் ஆசிரியர் கழுத்திலே தோல்வாரிற் கோத்த இரண்டு மரமணிகளைக் காணலாம்.

1937 இல் ஒல்லாந்திலே நடந்த ஜம்போறியிற் சிறுவரிடம் விடைபெற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டிலே ஆபிரிக்காவுக்குச் சென்று, கென்யா மலையை நோக்கிய நியேரி என்னும் ஊரிலே சிறு வீடொன்றிற் குடிபுகுந்து, விலங்குகளையும் பறவைகளையும் ஓவியமாகத் தீட்டிக்கொண்டிருந்தார். 1941 சனவரி 8 ஆந் திகதி அங்கேயே காலமானார். ஒலேவ் அம்மையார் 1977 இல் இங்கிலாந்திலே மறைந்தபோது அவரது சாம்பரும் நியேரிக்குக் கொண்டு செல்லப்பட்டு அதே குழியில் அடக்கம் பெற்றது. கல்லறையின் தலைப்பிலே சாரணர் சின்னமும் பெண் சாரணியர் சின்னமும் உள்ளன. கீழே ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் வெட்டப்பட்டுள்ளன. வழிக்குறிகள் கற்ற சிறுவன், வீடு திரும்பிவிட்டேன் என்று அதனைப் படிப்பான்.